வாசகர் கேள்வி – பதில்: வேலைக்குப் போகும் வழியில் ஒரு படம்

வேலைக்கும் கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் சைக்கிளில் சென்று வருவோர், வழியில் ஒளிப்படம் எடுக்கும் பழக்கம் பற்றிய தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் இங்கே பதில் தரப்படுகிறது.

வேளச்சேரியிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் அலுவலகம் செல்கிறேன். காலை எட்டு மணியளவில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டித் தெற்கு நோக்கிப் போவேன். திரும்பும்போது மாலை ஆறரை ஆகிவிடும். நல்ல ஒளி வேண்டுமென்றால் விடியும்போதே அங்கே நிற்க வேண்டும் என்கிறார்கள். வீட்டுப் பொறுப்புகளால் எனக்கு அது இயலாது. நான் போகும் நேரத்தில் படங்கள் நன்றாக வருமா?
— வாசகி, வேளச்சேரி

வரும். ஆனால் மாதத்துக்கு மாதம் வேறுவிதமாக வரும். ஒளியின் தன்மையைத் தீர்மானிப்பது கடிகாரம் அன்று. சூரியன் அடிவானத்திலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்பதுதான். சென்னையில் காலை எட்டு மணிக்கு, மே மாத இறுதியில் சூரியன் ஏறத்தாழ 31 பாகை உயரத்துக்கு ஏறியிருக்கும்; ஜனவரித் தொடக்கத்திலோ அதே எட்டு மணிக்கு 18 பாகையில்தான் நிற்கும். ஜனவரியில் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளும். மே மாதத்தில் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். எனவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, யாரும் எழாத நேரத்தில் நீங்கள் எழுந்திருக்கத் தேவையே இல்லை. எட்டு மணி ஒளியே சாய்வாக, மஞ்சள் கலந்து, பொருள்களின் விளிம்பைக் காட்டும்படி இருக்கும்.

விடியற்காலை ஒளி பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க நூல்களிலிருந்து வந்தவை. இலண்டன் போன்ற ஊர்களில் சூரியன் மிகவும் சரிவான பாதையில் மெல்ல ஏறுவதால், பகலும் இரவும் சமமாகும் நாள்களில் உதயமாகி ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் ஒன்பது பாகை அளவில்தான் நிற்கிறது. நம் சென்னையில் அதே ஒரு மணி நேரத்தில் பதினான்கு பாகையைக் கடந்துவிடுகிறது. ஏப்ரல் 24 அளவிலும் ஆகஸ்ட் 18 அளவிலும் நண்பகலில் நேர் உச்சிக்கே வந்து நிற்கிற சூரியன் இது. ஆகவே 'பொன்னொளி நேரம்' என்று அவர்கள் சொல்வது இங்கே ஒரு மணி நேரம் நீடிப்பதில்லை. அதைத் தவறவிட்டதற்காக வருந்துவதிலும் பொருளில்லை.

உங்கள் பாதைக்கு இன்னொரு வசதி உண்டு. தெற்கு நோக்கிப் போகும்போது சதுப்புநிலம் உங்கள் இடப்பக்கம், அதாவது கிழக்கில் இருக்கிறது. காலையில் நாணலும் பறவைகளும் எதிரொளியில், அதாவது பின்னாலிருந்து வரும் ஒளியில் நிற்கும். அப்போது இறகின் நிறத்தைக் காட்ட முயல வேண்டாம், வடிவத்தைக் காட்டுங்கள். கைப்பேசித் திரையில் வெளிச்சமான வானத்தைத் தொட்டு, ஒளியளவைச் சற்றுக் கீழே இறக்கினால், நெடுங்கால் உள்ளானின் மெலிந்த கால்களும் நீரில் விழும் அவற்றின் நிழலும் கரிய கோடுகளாகத் தெளிவாக விழும். நிறம் வேண்டுமென்றால் மாலைவரை காத்திருங்கள். திரும்பி வரும்போது சதுப்புநிலத்தைப் பார்த்து நின்றால், மேற்கு உங்கள் முதுகுப் பக்கம் இருக்க, ஒளி நேராக அதன் மீது விழும். ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் மறைய ஆறே முக்கால் நெருங்கிவிடுவதால் உங்கள் ஆறரை மணி மிகச் சரியான நேரம். அந்த மாதங்களில் மேற்கே திரளும் இடிமேகங்களும் உடன் கிடைக்கும். நவம்பரில் ஐந்து நாற்பதுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அப்போது சதுப்புநிலத்தை விட்டுவிட்டுத் தேநீர்க் கடை விளக்கையும் பழவண்டியின் பல்பையும் எடுங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற நீர்நிலை ஒன்றை அலுவலகம் போகிற வழியில் கொண்டவர் நீங்கள். பறவை பார்க்க வெகுதொலைவிலிருந்து வருவோர் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்துக்கொண்டு போவதை நீங்கள் ஆண்டு முழுவதும் பார்க்கிறீர்கள்.

சைக்கிளை ஓட்டியபடியே ஒரு கையால் செல்போனில் படம் எடுக்கிறேன். நன்றாகவே வருகிறது. இதில் தவறு உண்டா?
— வாசகர், தஞ்சாவூர்

உண்டு. நம் நாட்டுச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன்சக்கரப் பிரேக்கை இயக்குகிறது. வண்டியை விரைவாக நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே உரியது. வலக்கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு போகும் நீங்கள் பின் பிரேக்கை மட்டும் நம்பி, சாலையைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டு போகிறீர்கள். ஒரு நாய் குறுக்கே வந்தால் போதும். ஒரு கால் தரையில் ஊன்றாமல் கேமராவைக் கையில் எடுப்பதில்லை என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்; இதற்கு விலக்கு எதுவும் இல்லை.

நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. காட்சி கண்ணில் பட்ட இடத்திலேயே பிரேக்கை அழுத்தாமல், முதலில் பின்னால் திரும்பிப் பார்த்து, இடக்கையை நீட்டிக் காட்டி, தார்ச் சாலையை விட்டு இறங்கிய பிறகு நிற்க வேண்டும். பேருந்து நிறுத்தத்துக்கு முன்னும், பாலத்தின் மீதும், வளைவிலும் நிற்க வேண்டாம். இதற்குள் காட்சி கலைந்து போயிருந்தால் போகட்டும். நாளையும் அதே வழியாகத்தானே வரப்போகிறீர்கள்?

செல்போனே போதுமா, தனியாகக் கேமரா வாங்க வேண்டுமா? சிறிது பணம் சேர்த்து வைத்திருக்கிறேன்.
— வாசகர், மதுரை

தெரு, கட்டடம், வானம், அருகில் நிற்கும் மனிதர்கள் ஆகியவற்றுக்குச் செல்போன் போதும். அது தடுமாறுவது இரண்டு இடங்களில். தொலைவில் இருக்கும் பறவையை அதனால் அருகில் கொண்டுவர முடியாது. பெரிதாக்கினால் படம் குழம்பிவிடும். மங்கிய ஒளியில், அதன் உணர்தகடு (சென்சார்) சிறியது என்பதால், அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து அவற்றை ஒன்றாகக் கலந்தே தெளிவான ஒரு படத்தைத் தருகிறது. அசையாத கோபுரத்துக்கு இந்த வித்தை பொருந்தும். மாசி வீதியில் நடந்து வரும் கூட்டத்துக்குப் பொருந்தாது, முகங்கள் இழுபட்டுப் போகும்.

இந்த இரண்டு குறைகளும் உங்களை உண்மையாகவே உறுத்தினால் மட்டும் கேமரா வாங்குங்கள். சட்டைப் பைக்கு அடுத்த அளவில், சிறியதாக, பயன்படுத்தியதாகவே இருந்தாலும் பரவாயில்லை. பையைத் திறந்து, லென்ஸ் மூடியைக் கழற்றி, குவியம் (ஃபோகஸ்) பார்த்து எடுக்கிற பெரிய கேமரா, வேலைக்குப் போகிற வழியில் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும் என்பது என் கருத்து. வாங்கியபின் ஒன்று செய்யலாம். செல்போனைவிடப் பெரிய, ஏபிஎஸ்-சி எனப்படும் அளவு உணர்தகடு கொண்ட கேமராவில் 18 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, ஒளி நுழையும் துளையை எஃப் 8 என்று வைத்து, குவியத்தை இரண்டு மீட்டரில் நிறுத்திவிட்டால், ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவு வரை எல்லாமே போதிய தெளிவுடன் விழும். பகல் ஒளியில் ஷட்டரை நொடியில் 500இல் ஒரு பங்கு என்று வைத்து, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறனைக் கேமராவின் பொறுப்பில் விட்டுவிட்டால், எடுக்கும் கணத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை பொத்தானை அழுத்துவது ஒன்றுதான்.

எதற்கும், சேர்த்த பணத்தில் முதலில் புதிய பிரேக் கட்டைகளும் நல்ல மழைக்கோட்டும் வாங்கிவிட்டு மீதியை எண்ணுங்கள்.

அலுவலகம் செல்லும்போது கேமராவைச் சைக்கிளில் எப்படிக் கொண்டுசெல்வது? முன்கூடையில் வைத்தால் குலுங்குகிறது. ஏற்கெனவே ஒரு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. செல்போனை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

கூடையும் கேரியரும் சக்கரத்தின் ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே கேமராவுக்குக் கடத்துகின்றன. ஒருமுறை பலமாக விழுவதைவிட, மாதக்கணக்கில் நேரும் இந்தச் சிறு நடுக்கம்தான் லென்ஸின் திருகாணிகளைத் தளர்த்துகிறது. உடலோடு சேர்த்து அணிகிற பையில் இருந்தால், முழங்கையும் இடுப்பும் முதுகும் வளைந்து கொடுத்து அதிர்வைப் பெரும்பாலும் உள்வாங்கிக்கொள்ளும். ஆகவே தோளில் குறுக்காக மாட்டி, முதுகுப்புறம் தள்ளிக்கொள்ளக்கூடிய சிறிய பையே ஏற்றது. அதன் வாரோடு இடுப்பைச் சுற்றி இன்னொரு வாரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் பெடலை அழுத்தும்போது பை முன்னால் சரிந்து முழங்காலில் இடிக்கும். கூடையைத்தான் பயன்படுத்துவேன் என்றால், மதிய உணவுப் பாத்திரத்தைக் கூடையில் வையுங்கள். அது குலுங்கினால் சாம்பார் மட்டுமே சிந்தும்.

செல்போனை ஹேண்டில்பாரில் மாட்டுவது பற்றி ஒரு செய்தியை அறிந்திருப்பது நல்லது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு, படம் நடுங்காமல் காக்கும் நுண்ணிய கருவியையும் குவியம் பார்க்கும் கருவியையும் காலப்போக்கில் பழுதாக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது. மிதிக்கிற சைக்கிளில் எஞ்சின் இல்லை என்பது உண்மை. ஆனால் குண்டும் குழியுமான சாலையும் காற்று இறுக்கி நிரப்பிய டயரும் சேர்ந்தால் நடுக்கத்துக்குக் குறைவிருக்காது. வழி பார்க்கத் தேவையில்லாத, நாள்தோறும் போகிற பாதையில் செல்போன் கண்முன் இருக்க வேண்டிய அவசியம் என்ன?

பூஞ்சைக்குக் காரணம் ஈரம் மட்டும் அன்று. இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தவை. மழையில் நனைந்த பையிலேயே கேமராவை இரவு முழுவதும் மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு நாம் தரும் பெரிய வரவேற்பு. வீடு திரும்பியதும் கேமராவை வெளியே எடுத்துத் துடைத்து, பையைத் தனியே காய வையுங்கள். பின்னர் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்கலாம். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் போதும். அதற்கும் கீழே போனால் ரப்பர் பகுதிகள் வறண்டுவிடும் என்பதால் அளவு காட்டும் சிறு மானி ஒன்றையும் டப்பாவில் போட்டு வையுங்கள். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லை வெறும் வாணலியில் மிதமான சூட்டில் வறட்டி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் பனிபோல் நீர் படிவதைப் பலர் பழுதென்று எண்ணுகிறார்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது, அவ்வளவே. கிளம்புவதற்கு முன்பே கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிவிட்டால் ஈரம் உறையின் மீது படியும். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய், பூட்டைத் திறந்து, கொஞ்ச தூரம் ஓட்டுவதற்குள் கண்ணாடி சூடேறிவிடும்.

ஓய்வுபெற்றவன். காலையில் மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து மெரினா லூப் சாலைவரை சைக்கிளில் சென்று வருவேன். மனிதர்களைப் படம் எடுக்க ஆசை. ஆனால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஒருவர் திட்டியே விட்டார். பொது இடத்தில் எடுக்க எனக்கு உரிமை இல்லையா?
— வாசகர், மயிலாப்பூர்

உரிமையைப் பற்றிய கேள்வியை எடுத்த எடுப்பிலேயே கையில் எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பணிவான கருத்து, ஐயா. சாலையில் நின்று சாலையைப் படமெடுப்பதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. ஆனால் மீன் வாங்க வந்தவர் வேறு, மீன் விற்பவர் வேறு. லூப் சாலையில் நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீன் கடை விரித்திருக்கும் இடம் அவர்களுக்குப் பிழைப்பிடம். நமக்கு அழகாகத் தோன்றும் அந்தக் காட்சியைக் காலங்காலமாக யார் யாரோ வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். எடுத்தவர்களில் படத்தைத் திரும்பக் கொண்டுவந்து காட்டியவர்கள் எத்தனை பேர் என்று அவர்களைக் கேட்டால் அந்த முகச்சுளிப்பின் பொருள் விளங்கும்.

சைக்கிளில் தினமும் வருகிறவர் என்பதுதான் இதில் உங்களுக்கு இருக்கும் பெரிய பலம். காரில் வந்து இறங்குபவர் அந்நியர். தினம் பெல் அடித்துவிட்டுப் போகிற பெரியவர் சில வாரங்களில் தெரிந்த முகமாகிவிடுவார். சில நாள் கேமரா இல்லாமலே நின்று பேசுங்கள், மீன் வாங்குங்கள். பிறகு கேமராவைக் காட்டி, 'எடுக்கலாமாம்மா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்று கையசைத்தால் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். மறைந்து நின்று எடுக்க வேண்டாம். எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். செல்போன் திரையில் காட்டுவதற்கும் கையில் ஒரு பிரதியைக் கொடுப்பதற்கும் வேறுபாடு பெரிது. அந்தப் படம் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டால், அடுத்த முறை அவரே தம் பேரனை அழைத்து உங்கள் முன் நிறுத்துவார். குழந்தைகளை மட்டும் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். கேட்டு எடுத்தாலும் சமூக வலைத்தளத்தில் போட வேண்டாம்.

சைக்கிளும் கேமராவுமாகவே ஒரு முழு வாழ்க்கையை நடத்தியவர் நியூயார்க்கின் பில் கன்னிங்ஹாம். 1929இல் பிறந்து 2016இல் மறைந்த இவர், நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்காக அந்நகரத் தெருக்களில் மக்கள் உடுத்தும் உடைகளைப் பல்லாண்டுகள் படமெடுத்தார். துப்புரவுத் தொழிலாளர்கள் அணியும் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஐந்தாம் அவென்யூவும் 57ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் நிற்பார். எண்பது வயதைக் கடந்த பின்னும் சைக்கிளில்தான் வருவார். திருட்டுப் போன சைக்கிள்கள் இருபதுக்கும் மேல். ஒவ்வொரு முறையும் இன்னொன்றை வாங்கிக்கொண்டார். செல்வந்தர்களின் விருந்துகளைப் படமெடுக்கச் சென்றால் அங்கே ஒரு குவளைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டாராம். ஒரே தெருமுனையில் நாள்தோறும் நின்றதால் அந்நகரத்தார் அவரைத் தங்கள் காட்சியின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டார்கள். அவர் படமெடுக்கும்போது முகம் சுளித்தவர்களைவிட, அவர் தம்மை எடுக்கவில்லையே என்று வருந்தியவர்கள்தான் மிகுதி. லூப் சாலைக்கும் அதே வழிதான்.

உரிமை என்று கேட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். படமெடுக்கத் தடை என்று பலகை வைத்த இடங்களில் வாதிட வேண்டாம். மெரினாவின் வடமுனைப் பக்கம் கடற்படையும் இராணுவமும் பயன்படுத்தும் வளாகங்கள் இருக்கின்றன. அங்கே காவலர் கையைக் காட்டினால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதே முறை.

எந்தச் சைக்கிள் வாங்கலாம்? கியர் அவசியமா?
— வாசகி, புதுக்கோட்டை

ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால் அதுவே போதும். புதிதாக வாங்குவதானால், இன்று கடைகளில் பளபளக்கும் பல சைக்கிள்களில் ஸ்டாண்டு, மட்கார்டு, கேரியர், பெல் ஆகிய நான்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வழியில் நின்று நின்று படமெடுப்பவருக்கு ஸ்டாண்டு இல்லாத சைக்கிள் பெருந்தொல்லை. ஒவ்வொரு முறையும் சாய்த்து வைக்க மரம் தேட வேண்டும். சமதளமான உங்கள் ஊருக்குக் கியர் கட்டாயம் இல்லை. குறுக்குக் கம்பி தாழ்ந்திருக்கும் 'லேடீஸ்' சைக்கிள், காலைத் தூக்கிச் சுழற்றாமல் சட்டென்று இறங்க உதவுவதால், படமெடுக்கும் ஆண்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். இதை எழுதும்போது உங்கள் மாவட்டத்தின் நினைவே வருகிறது: 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது சைக்கிள் கற்ற பெண்கள் அந்த வகை கிடைக்காமல், குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள்; கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்ற வசதியையும் கண்டுகொண்டார்கள்.

நான் கல்லூரி மாணவன். தினமும் ஒரே தெரு வழியாகக் கடற்கரைப் பக்கம் போய்த் திரும்புகிறேன். முதல் மாதம் எல்லாமே படமாகத் தெரிந்தது. இப்போது எடுக்க எதுவுமே இல்லை. விடுமுறையில் மலைப்பகுதிக்குப் போனால்தான் நல்ல படம் கிடைக்குமா?
— வாசகர், புதுச்சேரி

மலைக்குப் போய் வாருங்கள், நல்லதே. ஆனால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது, அங்கே போகிற எல்லோருக்கும் கிடைக்கிற படம். எடுக்க எதுவும் இல்லை என்று தோன்றுகிற இந்தக் கட்டம், புதுமையின் கவர்ச்சி தீர்ந்து பார்வை தொடங்குகிற கட்டம். இதற்கு மேல்தான் உங்கள் தெரு உங்களுக்கு மட்டும் தெரிந்தவற்றைக் காட்டத் தொடங்கும்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். கடலை நோக்கிச் செல்லும் உங்கள் தெருக்கள் ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காக நேர்கோட்டில் ஓடுகின்றன. சூரியன் ஒவ்வொரு நாளும் கடலில் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. ஜூன் மாத இறுதிவாக்கில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பர் இறுதிவாக்கில் அதே அளவு தெற்கே தள்ளியும் உதிக்கிறது. அதனால் ஜூன் மாதக் காலையில் தெருவின் தென்புற வீடுகளின் முகப்பில் வெயில் விழுகிறது. டிசம்பரில் வடபுற முகப்புகளில் விழுகிறது. இடையில் சில நாள்களில் மட்டும் ஒளி தெருவின் நீளத்துக்கு நேராகப் பாய்ந்து, எதிரே வரும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் உங்கள் காலடி வரை நீளும் நிழலைத் தருகிறது. உங்கள் தெருவுக்கு அந்த நாள்கள் எப்போது வரும் என்பதைத் தினமும் அதே வழியில் போகிறவர்தான் கண்டுபிடிக்க முடியும். மஞ்சள் சுவரையும் காகிதப்பூக் கொடியையும் ஒருநாள் வந்து எடுத்துப் போகும் சுற்றுலாப் பயணிக்கு, அச்சுவர் எந்த மாதத்தில் ஒளிரும் என்பது தெரியாது.

ஒரே இடத்தைத் தேர்ந்துகொண்டு ஆண்டு முழுவதும் அங்கே நின்று எடுங்கள். ஒரு மரம், ஒரு தேநீர்க் கடை, ஒரு வீட்டு வாசல் என எதுவாகவும் இருக்கலாம். அளவும் கோணமும் மாறாதபடி, நிற்கும் இடத்தைத் தரையில் உள்ள ஏதேனும் ஓர் அடையாளத்தைக் கொண்டு நினைவில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கொன்றை பூக்கும். மே மாதத்தில் செம்மயிற்கொன்றை தெருவையே சிவப்பாக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் தேங்கி அதே வீட்டைத் தலைகீழாகக் காட்டும். மார்கழியில் வாசலில் கோலம் விரியும். தேர்தல் வந்தால் சுவரில் எழுத்து மாறும். தனித்தனியே பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் இந்தப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்போதுதான் எழுந்து நிற்கும். எந்த மலைப்பயணமும் இதைத் தராது.

கைப்பழக்கத்துக்கு ஒன்று சொல்கிறேன். தெருவோரம் நின்று, கடந்து செல்லும் சைக்கிள்காரரைக் குறிவைத்து, ஷட்டரை நொடியில் 30இல் ஒரு பங்கு என்று வைத்து, அவர் நகரும் வேகத்திலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். அழுத்திய பின்னும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. ஆள் தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் வரும். பெரும்பாலான முயற்சிகள் வீணாகும். அதனால்தான் தினமும் போகிற வழி இதற்கு ஏற்றது.

சைக்கிளை மட்டும் விட்டுவிடாதீர்கள். நடப்பவருக்குத் தெரு நீண்டுவிடுகிறது. ஸ்கூட்டரில் போகிறவருக்கு அது தெரிவதற்குள் முடிந்துவிடுகிறது. மணிக்கு 12, 15 கி.மீ. வேகத்தில் போகிறவருக்குத்தான் திண்ணையில் இருப்பவரின் முகமும் தெரியும், தெருவின் மறுமுனையும் தெரியும்.

பண்ணைப் பாலம் ஊடாக நாளாந்தம் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகின்றேன். மாரி காலத்தில் களப்பில் (கடற்கழியில்) நிற்கும் பூநாரைகளைப் படம் பிடிக்க இறங்கியவுடனேயே அவை விலகிப் போய்விடுகின்றன. என்ன செய்யலாம்?
— வாசகர், யாழ்ப்பாணம்

நீங்கள் சொல்லும் 'இறங்கியவுடனே' என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. நாள் முழுவதும் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும் வாகனங்களுக்கும் சைக்கிள்களுக்கும் பறவைகள் பழகிவிடுகின்றன. சீராக நகரும் ஒன்று சட்டென்று நின்று, அதிலிருந்து இரண்டு காலில் ஓர் உருவம் பிரிந்து தங்களை நோக்கி வந்தால்தான் அவற்றுக்கு அச்சம் உண்டாகிறது. எனவே அவை நிற்கும் இடத்துக்கு நேராக நிறுத்தாமல், சற்றுத் தள்ளி, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். இருக்கையை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றி, சைக்கிளோடு சேர்ந்த ஒரே உருவமாகவே நின்றுகொண்டு எடுங்கள். கரையோரம் இறங்கி அணுக முயல வேண்டாம். அவை தலையைக் கவிழ்த்து இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை உயர்த்தினால், நீங்கள் போதிய அளவு நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பறக்கவிட்டு எடுப்பது நெடுந்தூரம் பறந்து வந்த பறவையின் உணவு நேரத்தைப் பறிப்பதாகும்.

செல்போன்தான் கையில் இருக்கிறது என்றால் ஒற்றைப் பறவையை விட்டுவிடுங்கள். களப்பின் அகலத்தையும் வானத்தையும் காட்டி, பூநாரைக் கூட்டத்தை இடையே ஓர் இளஞ்சிவப்புக் கோடாக விழவிடுங்கள். திறந்த வெளியில் அடிக்கும் வாடைக் காற்றில் சைக்கிள் சாய்ந்துவிடும் என்பதால், கேமராவைச் சைக்கிளில் தொங்கவிட்டுவிட்டு நகர வேண்டாம்.

வாரக் கடைசியில் பார்த்தால் செல்போனில் நூற்றுக்கணக்கில் படங்கள் சேர்ந்துவிடுகின்றன. எவற்றை வைத்துக்கொள்வது?
— வாசகி, திருநெல்வேலி

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்க வேண்டாம். எடுக்கப் பட்ட பாடு நினைவில் இருக்கும்வரை எல்லாப் படமும் நல்லதாகவே தோன்றும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஒரே காட்சியின் பல பிரதிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு கோப்புறையில் போட்டு, வேறோர் இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு படங்களை அச்சிட்டுக்கொண்டால் செலவும் பெரிதாகாது.

முக்காலி வாங்கலாமா?
— வாசகர், சேலம்

வேலைக்குப் போகிற வழிக்கு வேண்டாம். ஸ்டாண்டு போட்ட சைக்கிளின் இருக்கைமேல் கைக்குட்டையை மடித்து வைத்து, அதன்மேல் கேமராவை ஊன்றி, இரண்டு நொடித் தாமதத்தில் எடுங்கள். சாலை விளக்கொளியில் நொடியில் கால் பங்கு வரை நடுக்கமின்றி வரும். பின்சக்கரத்தை மட்டும் பூட்டிவிடுங்கள்.